பின்விளக்கும் திரும்பும் பாதையும்

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு புதிர்.

ஒரு பழைய அம்பாசடர் கார். இரவு நேரம். விளக்கு சுவிட்சைப் போட்டதும் பின்புறம் இரண்டு சிவப்பு விளக்குகளும் ஒழுங்காக எரிகின்றன. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். வலப்பக்க விளக்கு பளிச்சென்று பிரகாசிக்கிறது. இடப்பக்க விளக்கோ, எரிந்துகொண்டிருந்ததும் அணைந்துபோகிறது! பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மறுபடியும் எரிகிறது. பல்பு புதியது. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. பல்புக்கு வரும் கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

சற்று யோசித்து வையுங்கள். விடைக்குப் போகுமுன் காரின் மின்சுற்றைப் பற்றி ஒரு செய்தி தெரிய வேண்டும்.

உங்கள் பாடநூலில் மின்கலத்தையும் பல்பையும் இரண்டு கோடுகளால் இணைத்திருப்பார்கள். ஒன்று போகும் வழி, மற்றொன்று திரும்பும் வழி. காரில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு விளக்கு இழைக்கும் ஒரே ஒரு கம்பிதான் போகிறது. திரும்பும் வழி எங்கே? காரின் இரும்பு பாடியேதான்! பேட்டரியின் எதிர்முனை தடித்த பட்டையால் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். (மிகப் பழைய பிரிட்டிஷ் கார்களில் நேர்முனையை இணைத்திருந்தார்கள், தத்துவம் ஒன்றே.) பல்பின் பித்தளைக் கூடு ஹோல்டரையும், ஹோல்டர் விளக்குப் பெட்டியையும், பெட்டி திருகாணி வழியாகப் பாடியையும் தொடுகின்றன. இந்தத் தொடுகைகளில் ஒன்று கெட்டாலும் மின்னோட்டத்துக்குத் திரும்ப வழியில்லை. விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் மின்சார ரயிலைப் பாருங்கள். தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. திரும்பும் வழி தண்டவாளம். அதே ஏற்பாடுதான்.

இந்தத் திரும்பும் வழியை நம் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கிறார்கள். “பவர் வருது, எர்த் வரல” என்பது அவர்கள் வழக்கு. கோளாறைச் சரியாகவே சொல்லும் வாக்கியம். ஆனால் என் கருத்தில், அந்தச் சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். வீட்டு மின்னிணைப்பில் எர்த் கம்பி என்பது ஆபத்துக்கால வழி. சாதாரண நேரத்தில் அதில் மின்னோட்டம் இராது. அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். காரின் ‘எர்த்’ அப்படியன்று. ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் அந்த வண்டிக்கும் பூமிக்கும் மின்தொடர்பே கிடையாது. விளக்குக்குப் போகும் மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவும் அந்த ‘எர்த்’ வழியாகத்தான் திரும்ப வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று எண்ணி, இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்போது புதிருக்கு வருவோம். அந்தப் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை பின்விளக்குக்கு. 21 வாட் இழை பிரேக் விளக்குக்கு. இரண்டின் மறுமுனைகளும் பித்தளைக் கூட்டில் ஒன்று சேர்கின்றன. இடப்பக்கப் பெட்டியின் திருகாணி துருப்பிடித்து, பாடியோடு தொடர்பு அற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டால் மின்னோட்டம் 5 வாட் இழையைக் கடந்து கூட்டுக்கு வருகிறது. அங்கே வழி அடைபட்டிருக்கிறது. எனவே அதே பல்பின் 21 வாட் இழைக்குள் புகுந்து, பிரேக் கம்பியில் பின்னோக்கி ஓடி, வலப்பக்க பிரேக் இழை வழியாகப் பாடியை அடைகிறது! குளிர்ந்திருக்கும் அந்த 21 வாட் இழைகளின் மின்தடை மிகக் குறைவு. ஆகையால் 5 வாட் இழை ஏறக்குறைய முழு ஒளியோடு எரிகிறது. வண்டியைச் சுற்றிவந்து பார்ப்பவர், “எல்லாம் சரி” என்று சொல்லிவிடுவார்.

பிரேக்கை மிதித்ததும் பிரேக் கம்பியிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இப்போது இரண்டு இழைகளின் வெளிமுனைகளிலும் 12 வோல்ட். நடுவில் வெளியேற வழியில்லை. மின்னழுத்த வேறுபாடு இல்லாத இடத்தில் மின்னோட்டம் ஏது? விளக்கு அணைகிறது. பின்னால் வருபவருக்கு எந்தக் கணத்தில் அந்தச் சிவப்பு ஒளி மிகவும் தேவையோ, சரியாக அந்தக் கணத்தில்!

தொடர்பு முழுவதும் அறாமல் பாதி கெட்டிருந்தால் நாடகம் இவ்வளவு வெளிப்படையாக இராது. விளக்கு மங்கும், அவ்வளவே. துருப்பிடித்த இணைப்பில் 3 வோல்ட் விழுந்துவிட்டால் பல்புக்குக் கிடைப்பது 9 வோல்ட். மின்னழுத்தம் கால் பங்குதானே குறைந்தது என்று எண்ணாதீர்கள். டங்ஸ்டன் இழையின் ஒளி அதைவிட மிக வேகமாகக் குறையும். பாதிக்கும் கீழே இறங்கிவிடும். உடனே கடைக்குப் போய் அதிக வாட் பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். அது கூடுதல் மின்னோட்டம் இழுக்கும்; கெட்ட இணைப்பில் இழப்பும் சூடும் கூடும். வியாதி ஓரிடம், மருந்து வேறிடம்.

இந்த அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி மேற்கு வங்கத்து உத்தரபாராவில் தயாரானது. 2014-இல் உற்பத்தி நின்றது. மிச்சமிருக்கும் வண்டிகளுக்கு வயதாகிவிட்டது. கல்யாணத்துக்கென்று மெருகேற்றி, டிங்கரிங் செய்து, பட்டி போட்டு, புது பெயிண்ட் அடிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பல வண்டிகளில் இந்த வியாதி தொடங்குகிறது. பெயிண்ட் மின்கடத்தாப் பொருள் அல்லவா? திருகாணித் துளையிலும் அதை அடித்துவிட்டால் எப்படி? மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

கண்டுபிடிப்பது கடினமன்று. ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் உலோகத்திலும், நீண்ட கம்பி சேர்த்து மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வையுங்கள். நல்ல இணைப்பானால் ஒரு வோல்ட்டில் ஒன்றிரண்டு பத்தில் பாகமே காட்டும். இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் திருடன் அகப்பட்டான்! விளக்கு எரியாதபோது ‘ஓம்’ நிலையில் மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். மீட்டர் அனுப்பும் துளி மின்னோட்டத்துக்கு ஒற்றை இழைக் கம்பி போதும். பிரேக் விளக்கு கேட்பதோ ஒன்றே முக்கால் ஆம்பியர்.

பழுது நீக்குவது இன்னும் எளிது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, திருகாணி அமரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவ வேண்டும். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். துருவை நம்பாமல், ஹோல்டரிலிருந்து பாடியின் நல்ல இடத்துக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்துவிடுவேன்.

பழைய கார் வைத்திருப்பவர் பாடு, நமக்கென்ன என்கிறீர்களா? திருவாமாத்தூரிலிருந்து விழுப்புரத்துக்கு இரவில் சைக்கிளில் வந்து பாருங்கள். கரும்பு வெட்டும் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையை நோக்கி டிராக்டர் டிரெய்லர்கள் போகும். டிரெய்லருக்குத் தனி எர்த் கம்பி இல்லாவிட்டால், அதன் பின்விளக்கின் மின்னோட்டம் முழுவதும் கிரீசும் துருவும் படிந்த கொக்கி வழியாகத்தான் திரும்ப வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்விளக்கு 155 மீட்டர் தொலைவுக்குத் தெரிய வேண்டும் என்கின்றன. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் காருக்கு அது ஏழு வினாடிப் பயணம். விளக்கு மங்கினால் அந்த ஏழு, மூன்றாகலாம், இரண்டாகலாம்.

ஆகவே உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இந்த ஆண்டும் எரிமலை செய்யாதீர்கள். பார்த்து அலுத்துவிட்டது. ஒரு தகரத் தகடு, இரண்டு இரட்டை இழை பல்புகள், ஹோல்டர்கள், இரண்டு சுவிட்சுகள், ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும். பேட்டரியை அடுத்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் அவசியம் இருக்கட்டும். தகடுதான் காரின் பாடி. ஒரு ஹோல்டரின் திருகாணியை மட்டும் கழற்றி, அடியில் ஒரு துண்டு காகிதத்தைச் செருகி, திருகாணி படாதபடி நூலால் கட்டிவிடுங்கள். பார்க்க வரும் டிராக்டர்காரர் யாரையாவது கூப்பிட்டு பிரேக் சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். விளக்கு ஏன் அணைந்தது என்று அவரே கேட்பார்.