சாவி கை மாறியது! "ஜோகோ"வில் அடுத்த தலைவர் வந்தது எப்படி?

தென்காசி–

கல்லாப் பெட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது? கடைவீதியில் வயதான முதலாளிகளுக்கு உள்ள கவலை இது.

பெரிய கம்பெனிக்கும் இதே கவலைதான்!

குற்றால மலைக்குப் பக்கத்தில் உள்ள கிராமம் மத்தளம்பாறை. அங்கே இருந்தபடியே "ஜோகோ" சாப்ட்வேர் கம்பெனியை நடத்தி வந்தார், ஸ்ரீதர் வேம்பு. 1996-ல் "அட்வென்ட்நெட்" என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி இது.

2025 ஜனவரி 27-ந் தேதி, தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டு அவர் விலகினார்.

புது ஆள் யார்?

அந்தப் பதவிக்கு வந்தவர் சைலேஷ்குமார் டேவி. வெளியே இருந்து பிடித்து வந்த ஆள் அல்ல. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

ஸ்ரீதர் வேம்பு ஒதுங்கிவிடவில்லை. "தலைமை விஞ்ஞானி" ஆனார். இனி ஆராய்ச்சியில் முழுக் கவனம், கிராம வளர்ச்சிப் பணியும் தொடரும் என்று அறிவித்தார்.

மொத்தச் சுமையும் ஒரே தலையில் ஏறவில்லை. அமெரிக்கப் பிரிவுக்கு டோனி தாமஸ், "மேனேஜ்என்ஜின்" பிரிவுக்கு ராஜேஷ் கணேசன், "ஜோகோ டாட் காம்" பிரிவுக்கு மணி வேம்பு என்று பொறுப்பு பிரிக்கப்பட்டது.

இன்போசிஸ் பட்ட பாடு

பெங்களூர் இன்போசிஸ் கம்பெனி 2014-ல் விஷால் சிக்காவை வெளியே இருந்து கொண்டு வந்தது. பழைய நிறுவனர்களுக்கும் நிர்வாகத்துக்கும் உரசல் முற்றியது. 2017 ஆகஸ்டில் சிக்கா விலகினார். நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனியே திரும்பி வந்து தலைவரானார்.

2018 ஜனவரியில் சலீல் பரேக் தலைமை அதிகாரி ஆனார். அவரும் வெளி ஆள்தான். ஆனால் பல ஆண்டு நிலைத்தார்!

ஆக, உள் ஆளா, வெளி ஆளா என்பது மட்டும் அல்ல பிரச்சினை. சாவியைக் கொடுத்த பிறகு, பழைய முதலாளி கல்லாப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். "ஜோகோ"வுக்கும் பரீட்சை இதுதான்.

அடுத்தது யார்?

இன்னொரு கேள்வியும் உண்டு. சைலேஷ் தொடக்க காலத்து ஆள். அவருக்குப் பிறகு?

பிளஸ் 2 முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து, தொழில் கற்றுக் கொடுத்து, வேலையும் தரும் பள்ளியை இந்தக் கம்பெனி தொடங்கியது. தென்காசிப் பக்கமும் அது நடக்கிறது.

அங்கே படித்த பிள்ளை ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், கிராமத்துக்கு வந்தது வேலை மட்டும் அல்ல, அதிகாரமும்தான் என்று ஊர் நம்பும்.

அதுவரை, பாதிச் சாவிதான் கை மாறியிருக்கிறது!