அறையின் காற்று இருவருக்கும் சொந்தம்

பாகான் டத்தோ வட்டாரத்துத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் லயத்து வீடுகளில் வாழ்ந்தனர். வரிசையாக அமைந்த அவ்வீடுகளின் இடைச்சுவர் மெல்லியது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் அடுத்த வீட்டுக்கும் தெரிந்துவிடும். விறகு அடுப்பின் புகையும் அப்படித்தான். சுவர் பொதுவாக இருந்ததால், அவர்கள் அண்டை வீட்டாரை நினைத்துப் பார்த்து வாழக் கற்றுக்கொண்டனர். இன்று லயங்கள் குறைந்துவிட்டன. ஆனால், பதினெட்டு வயதில் மேற்படிப்புக்காக ஊரைவிட்டுச் செல்லும் இளையோருக்கு அந்தப் பாடம் மீண்டும் தேவைப்படுகிறது.

எஸ்.பி.எம். தேர்வு எழுதிய ஒரு மாணவனுக்கு ஈப்போவில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இரண்டாம் ஆண்டு பயிலும் ஒருவர், "தம்பி, என் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம்," என்கிறார். மாணவன் மகிழ்ச்சியோடு முன்பணம் கட்டுகிறான். முதல் நாள் இரவிலேயே அறை முழுவதும் மாம்பழ வாசனையுடன் வெண்புகை பரவுகிறது. அந்த அண்ணனுக்கு வேப் எனப்படும் மின்சிகரெட்டுப் பழக்கம் இருப்பது அப்பொழுதுதான் அவனுக்குத் தெரிய வருகிறது. கட்டிய பணத்தையும் கேட்க முடியவில்லை. வயதில் மூத்தவரிடம் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

இச்சூழலில் தவறு எங்கே தொடங்கியது? புகை கிளம்பியபோது அன்று. முன்பணம் வாங்கும்போது உண்மையைச் சொல்லாமல் விட்டபோதுதான். அறையைப் பகிர்ந்துகொள்ள அழைப்பவர், தமக்கு வேப் பழக்கம் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேட்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. இதுவே என் கருத்து.

"வேப் என் சொந்த விருப்பம். அதை ஏன் பிறரிடம் சொல்ல வேண்டும்?" என்று சிலர் கேட்பர். "அது வெறும் நீராவிதானே!" என்றும் வாதிடுவர். அது நீராவி அன்று. மின்சிகரெட்டில் ஒரு மின்கலம், ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், சிறிதளவு திரவம் ஆகியவை உள்ளன. திரவத்தில் புரோப்பிலின் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டி ஆகியவற்றோடு பெரும்பாலும் நிக்கோட்டினும் கலந்திருக்கும். சுருள் சூடாகும்போது திரவம் மிக நுண்ணிய துளிகளாக மாறுகிறது. அதிகச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்களும் உருவாகலாம். புகைப்பவர் உள்ளிழுத்து வெளிவிடும் அந்தத் துளிகள் அறையில் மிதக்கின்றன. பின்னர் தலையணையிலும் துணியிலும் படிகின்றன. ஆகவே, சன்னல் மூடிய சிறிய அறையில் ஒருவரின் விருப்பம் மற்றவரின் மூச்சாகிவிடுகிறது. அறைத்தோழருக்கு ஆஸ்துமா இருந்தால் நிலைமை இன்னும் கடினமாகும்.

மற்றொரு சாராரின் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். பல ஆண்டுகள் சிகரெட் புகைத்த பெரியவர்களில் சிலர், அதை விட்டொழிக்கும் வழியாக மின்சிகரெட்டை நாடியுள்ளனர். இங்கிலாந்து போன்ற நாடுகளில் சுகாதாரத் துறையே அதற்கு உதவுகிறது. ஆனால், சிகரெட்டையே தொட்டறியாத ஓர் இளைஞருக்கு இந்த வாதம் எப்படிப் பொருந்தும்? நிக்கோட்டின் எளிதில் அடிமைப்படுத்தும் பொருள். ஏறக்குறைய இருபத்தைந்து வயதுவரை வளரும் மூளையில் அது கவனத்தையும் கற்றலையும் பாதிக்கக்கூடும்.

நம் நாட்டு நிலவரமும் சிந்திக்க வைக்கிறது. 13 முதல் 17 வயதுக்குட்பட்ட மாணவர்களிடையே மின்சிகரெட் பயன்படுத்துவோர் 2017இல் 9.8 விழுக்காட்டினராக இருந்தனர். 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் அது 14.9 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது, ஏறத்தாழ ஏழு மாணவர்களில் ஒருவர். அதே காலத்தில் சிகரெட் புகைக்கும் மாணவர்களின் விழுக்காடு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஒரு வாசல் மூடும்போது மறுவாசல் திறந்துகொண்டது.

சட்டமும் இதைக் கவனத்தில் கொண்டுள்ளது. 2023 மார்ச் இறுதியில் நிக்கோட்டின் திரவம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன்பின், பொதுச் சுகாதாரத்திற்கான புகைபிடிக்கும் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்டோருக்கு மின்சிகரெட் விற்பதை அச்சட்டம் தடை செய்கிறது. ஜொகூர் போன்ற சில மாநிலங்கள் விற்பனைக்கே தடை விதித்துள்ளன. எனினும், வாடகை வீட்டின் படுக்கையறைக்குள் சட்டம் வந்து காவல் நிற்க முடியாது. அங்கே அறைத்தோழர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதே சட்டம்.

அப்படியானால், என்ன பேச வேண்டும்? அழைப்பவர் மூன்று செய்திகளை மறைக்காமல் சொல்லலாம். முதலாவது, தமக்கு வேப் பழக்கம் உண்டு என்பது. இரண்டாவது, அதை எங்கே பயன்படுத்துவார் என்பது. "அறைக்குள் பயன்படுத்த மாட்டேன், வெளியில் சென்றுவிடுவேன்," என்பதே நியாயமான பதில். மூன்றாவது, கருவிக்கு எங்கே மின்னேற்றம் செய்வார் என்பது. அதிலுள்ள லித்தியம் மின்கலம் பழுதடைந்தால் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே, இரவு முழுவதும் மெத்தைமேல் மின்னேற்றம் செய்வது இருவர் உயிருக்கும் ஆபத்து.

கேட்பவரும் மௌனமாக இருந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் மூத்தோரை எதிர்த்துப் பேசாதே என்று கற்பிக்கிறார்கள். அது நல்ல பண்புதான். ஆனால், மரியாதை வேறு. பயந்து வாய்மூடி இருப்பது வேறு. "அண்ணா, உங்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால், அறைக்குள் புகை இருந்தால் என்னால் தங்க முடியாது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன்," என்று பணிவோடு சொல்லலாம். நல்ல மனிதராக இருந்தால் அவர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், அவருடன் ஓராண்டு தங்கியிருக்க வேண்டியதில்லை என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. முதல் மாதம் இருமிய தம்பி, அடுத்த மாதம், "ஒரு முறை இழுத்துப் பார்" என்ற அழைப்புக்கு இணங்கிவிடலாம். தனிமையும் ஊர் நினைவும் வாட்டும் வேளையில் மறுப்பது கடினம். முதலிலேயே தன் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டவனுக்கு, பின்னர் மறுப்பது எளிதாகும்.

லயத்தில் வாழ்ந்த நம் முன்னோர் மெல்லிய சுவருக்கு அப்பால் இருந்தவரை நினைத்து வாழ்ந்தனர். அறைத்தோழர்களுக்கு இடையில் அந்தச் சுவர்கூட இல்லை. ஆகவே, நாளை நீங்கள் ஊரைவிட்டுப் படிக்கச் செல்லும்போது, வாடகை எவ்வளவு, பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இந்த அறையின் காற்று எப்படி இருக்கும்?" என்றும் கேளுங்கள். உங்களிடம் யாரேனும் அப்படிக் கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள்.