கறுப்புத் திரைக்கு அஞ்சலாமா?

இன்றைய விஞ்ஞான யுகத்தில் கணிப்பொறி நுழையாத இடமே இல்லை எனலாம். ஆயினும், திரையில் தோன்றும் வண்ணப் படங்களை அழுத்துவதே கணிப்பொறிக் கல்வி என்று பலர் எண்ணுகின்றனர். எழுத்துகளைத் தட்டி ஆணையிடும் கறுப்புத் திரையைக் கண்டாலோ, "அது பெண்பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று ஒதுக்கி விடுகின்றனர். இது முறையா? எங்கள் அனுபவம் ஒன்றைக் கூறி, எங்கள் கருத்தைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழைய மின்னணுத் தராசு ஒன்று உண்டு. நிறையைக் கணிப்பொறிக்கு அனுப்ப அதன் பின்புறம் சீரியல் போர்ட் அமைந்துள்ளது. பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அனுப்புவதால் அதற்கு அப்பெயர். இதற்கென ஆர்.எஸ்.232 என்னும் விதிமுறை 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. இக்காலக் கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் இந்தப் போர்ட் இல்லாததால், யு.எஸ்.பி. இணைப்பான் மூலம் தராசைப் பொருத்தினோம்.

திரையில் சில எண்கள் சரியாகவும், சில விசித்திரக் குறிகளாகவும் வந்தன. பார்வையிட வந்தவர், "தராசு பழுது, தூக்கி எறியுங்கள்" என்று கூறிச் சென்றார். எங்களுக்கு மனம் வரவில்லை. ஆசிரியையின் அனுமதி பெற்று, பல பொருட்களை நிறுத்து, வந்ததையெல்லாம் குறித்தோம். 0, 3, 5, 6, 9 ஆகியவை ஒவ்வொரு முறையும் சரியாக வந்தன. 1, 2, 4, 7, 8 ஆகியவை ஒவ்வொரு முறையும் கெட்டன. பழுதான பொருள் இத்தனை ஒழுங்காகவா தவறு செய்யும்?

கையேட்டில் விடை கிடைத்தது. அந்தத் தராசு ஒவ்வோர் எழுத்தையும் ஏழு பிட்டுகளில் அனுப்புகிறது. எட்டாவதாக வரும் பிட், பிழையைக் காட்டிக்கொடுக்கும் காவலாளி. அதற்குப் பாரிட்டி என்று பெயர். எழுத்திலுள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் அந்த இடத்தில் ஒரு 1 சேர்ந்து மொத்தத்தை இரட்டைப்படை ஆக்கும். எங்கள் கணிப்பொறியோ எட்டு பிட்டுகளையும் எழுத்தாகவே படித்தது. ஆகவே காவலாளியின் 1 சேர்ந்த எண்கள் மட்டும் உருமாறின. வினாடிக்கு 2400 பிட் என்னும் வேகம் பொருந்தியிருந்தும், படிக்கும் முறை பொருந்தவில்லை!

லினக்ஸ் கணிப்பொறியின் கறுப்புத் திரையில் எஸ்.டி.டி.ஒய். என்னும் கட்டளையைத் தட்டினோம். போர்ட்டின் பெயரைச் சுட்டி, ஏழு பிட், பாரிட்டி உண்டு, அது இரட்டைப்படை என ஒரே வரியில் ஆணையிட்டோம். எல்லா எண்களும் சரியாக வந்தன. விண்டோஸ் கணிப்பொறியில் மோட் என்னும் கட்டளை இதே பணியைச் செய்யும்.

"தவறாகத் தட்டினால் கெட்டுவிடாதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கோப்புகளை அழிக்கும் கட்டளைகளும் உண்டு. ஆகவே ஆசிரியையின் கண்முன்னே பழகுவதுதான் நல்லது. ஆனால் சீரியல் போர்ட்டின் வேகத்தையோ பாரிட்டியையோ தவறாக அமைத்தால் எழுத்துகள்தாம் குழம்பும். மறுபடி தட்டினால் சரியாகிவிடும். மேலும், தட்டிய வரியைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு வரும் தங்கையர் அதைப் பார்த்துத் தாங்களே செய்வர். படத்தை அழுத்திச் செய்ததை இத்தனை எளிதாக எழுதி வைக்க இயலுமா?

எனவே, எட்டாம் வகுப்பு முதலே வாரம் ஒரு பாடவேளை கட்டளைத் திரைக்கு ஒதுக்க வேண்டும் என்று அன்புச் சகோதரியரையும் ஆசிரியையரையும் வேண்டுகிறோம். பழைய கருவியைப் பேச வைக்கத் தெரிந்தால் பள்ளிக்குச் செலவும் மிச்சம்.

அன்புத் தோழியரே! தராசு தொடக்கம் முதலே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கும் முறைதான் நமக்குத் தெரியவில்லை. இறைவன் நமக்குத் தந்த அறிவென்னும் தாலந்தை மண்ணில் புதைக்காமல், அச்சம் நீக்கி, ஆராய்ந்து கற்போமாக!