பூட்டும் அண்டை வீடும்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும், நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களுக்கும் ஊர் சுற்றும் ஆசை பிறந்துவிடுகிறது. ரயில் டிக்கெட்டை இரண்டு மாதத்துக்கு முன்பே வாங்கி வைக்கிறோம். வழிக்கு முந்திரிக்கொத்தும் முறுக்கும் கட்டிக்கொள்ள மறப்பதில்லை. ஆனால் விட்டுப் போகும் வீட்டைப் பற்றி யோசிப்பது, வண்டி புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான். நாகர்கோவிலில் ஏறி வள்ளியூர் தாண்டும்போது, "புறவாசல் கதவைத் தாழிட்டோமா?" என்று கிருகலக்ஷ்மி கேட்கிறாள். யாருக்கும் நிச்சயமாகத் தெரிவதில்லை.

இதை நான் பரிகாசமாக எழுதவில்லை; பட்ட அனுபவத்தினால் எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன், ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் நான்கு நாள் சென்னைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது, வாசலில் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புறவாசல் கதவின் தாழ் மட்டும் பெயர்ந்து கிடந்தது. போனவை சில வெள்ளிப் பாத்திரங்களும் ஒரு ஜோடிக் கம்மலுந்தான். பணக் கணக்கில் பெரிய நஷ்டமில்லை. ஆயினும் அந்தக் கம்மல், பேத்தியின் கல்யாணத்துக்கென்று என் தாயார் எடுத்து வைத்துவிட்டுக் கண்மூடியது.

அதைவிட மனத்தை வருத்தியது அடுத்த வீட்டுப் பெரியவர் சொன்ன வார்த்தை. "ராத்திரி ஒரு மணிக்குத் தடதடன்னு சத்தம் கேட்டுது அண்ணாச்சி. நீங்கதான் வந்திட்டியளோன்னு நினைச்சேன். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலே வந்து எப்படிக் கேக்கது?" என்றார். சுவரைத் தாண்டி வளர்ந்த ஒரு முருங்கைக் கிளையைப் பற்றி எங்களுக்குள் தகராறு. ஆறு மாதமாக முகம் பார்ப்பதில்லை. அந்தத் தகராறின் விலைதான் என் தாயாரின் கம்மல் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு கைக்கொண்ட சில சிக்கன உபாயங்களை நேயர்களுக்குச் சொல்கிறேன்.

வீட்டில் ஆள் இல்லை என்பதைத் திருடனுக்கு அறிவிப்பவர்கள் பெரும்பாலும் நாமேதான். வாசலில் குவியும் பத்திரிகை, பால் பாக்கெட், கூட்டாத முற்றம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோலமில்லாத வாசல், இவை ஒரு விளம்பரப் பலகைக்குச் சமானம். பாலையும் பத்திரிகையையும் நிறுத்தச் சொல்வதற்குச் செலவில்லை. வாசல் தெளித்து இரண்டு இழைக் கோலம் போட, வேலை செய்யும் அம்மாளிடமோ அண்டை வீட்டாரிடமோ கேட்டுக்கொள்வதற்கும் பெரிய செலவில்லை. கொடைக்கானல் ஏரிக்கரையில் எடுத்த படத்தை அன்றே வாட்ஸாப்பில் உலகுக்குக் காட்டாமல், வீடு திரும்பிய பின் காட்டினால் ஏரி வற்றிவிடாது.

விளக்கைப் போட்டுவிட்டுப் போவது நல்லதுதான்; ஆனால் பட்டப்பகலிலும் எரியும் விளக்கு நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். இருட்டினால் தானே எரிந்து, விடிந்தால் தானே அணையும் பல்புகள் கடைகளில் கிடைக்கின்றன. 9 வாட் பல்பு இரவில் 12 மணி நேரம் வீதம் பத்து நாள் எரிந்தால், ஆகும் மின்சாரம் ஏறக்குறைய ஒரே யூனிட்.

தெருவாசலுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டுப் புறவாசலுக்கு ஒரு துருப்பிடித்த தாழோடு விட்டுவிடுவது நம் வழக்கம். திருடன் வருவது பின்பக்கமாக. அங்கே உட்புறம் கனமான குறுக்குச் சட்டம் ஒன்று போட்டுவிடுங்கள். ஏணி, கடப்பாரை, மண்வெட்டி இவற்றை வெளியே விடாதீர்கள். நம் கதவை நம் கடப்பாரையாலேயே நெம்பும் சௌகரியத்தை அவனுக்கு ஏன் அளிக்க வேண்டும்? பூந்தொட்டியின் அடியில் சாவி வைப்பதும் அவன் அறியாத ரகசியமன்று.

நகையை வங்கி லாக்கரில் வைப்பது மேல். ரிசர்வ் வங்கியின் திருத்திய விதிகள் 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கின்றன. அவற்றின்படி வங்கியில் தீ, களவு, ஊழியர் மோசடி இவற்றால் நஷ்டம் நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை. இன்னொரு காரியமும் செய்யலாம். 2023 ஏப்ரல் முதல், ஹால்மார்க் தங்க நகைகளை ஆறு இலக்க அடையாளக் குறி இருந்தால்தான் விற்கலாம். அந்தக் குறியையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். களவு போன நகை அகப்பட்டால் அதை நம்முடையதென்று காட்ட இது உதவும். என் தாயாரின் கம்மலுக்குப் படங்கூட இல்லை.

புறப்படுமுன் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லுங்கள். ரோந்து வரும் காவலர் பூட்டிய வீட்டைக் கவனிக்க இது வழி. எல்லைக்கு அப்பால் கேரளப் போலீஸார் தங்கள் பொல்-ஆப் என்னும் செயலியிலேயே இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அண்டை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

"கேமரா வைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். கேமரா திருடனைப் பார்க்கும்; பிடிக்காது. சென்னையில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் நம் வீடு கொள்ளை போவதைக் கண்டால், உடனே எழுந்து விளக்கைப் போட்டுக் குரல் கொடுக்க அடுத்த வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா?

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில், 1980-களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருமுறை திருட்டுப் போன வீட்டுக்கே மறுபடியும் திருடன் வருவதைக் கண்டு, அவ்வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரைக் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், தாழ்களையும் பலப்படுத்தினார்கள். சில மாதங்களுக்குள் திருட்டுக்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. நம் தென் சீமையிலோ முற்காலத்தில் ஊர்க்காவலுக்குக் கூலி கொடுத்தார்கள். களவு போனதை மீட்கத் துப்புக்கூலியும் கொடுத்தார்கள். அண்டை வீட்டார் கூலி கேட்பதில்லை. நாம் முகம் கொடுத்துப் பேசினால் போதும்.

இப்போது எங்கள் முருங்கை சுவரைத் தாண்டியே காய்க்கிறது. அந்தப் பக்கத்துக் காய் அவர்களுக்கு. நாங்கள் ஊருக்குப் போகும்போது, எங்கள் வீட்டுச் சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.