பண்டாரநாயக்கவைக் கொன்றது மதமா, அரசியலா?



ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 26 வந்தால் பத்திரிகைகளில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் படம் வருகிறது. ஹொரகொல்லையில் மலர் வைக்கிறார்கள். கூடவே ஒரு பழைய விவாதமும் தலைதூக்குகிறது. நாட்டின் பிரதமரை அவருடைய வீட்டு விறாந்தையிலேயே ஒரு பௌத்த பிக்கு சுட்டார். அது மதவெறியா, அரசியலா?

நம் தோட்டங்களில் இதற்கு இரண்டு பதில்கள் கேட்கின்றன. "காவி உடுத்தவன் சுட்டான், இதில் என்ன கேள்வி? அவர்கள் சமயமே அப்படித்தான்" என்பது ஒன்று. "சமயமாவது மண்ணாவது, அது வெறும் கொந்தராத்துத் தகராறு" என்பது மற்றது. முதலாவது பதில் பொய். இரண்டாவது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைக்குள் ஒளிந்துகொண்டு தப்பித்தவர்கள் பலர்.

அறுபது வருடத்துக்கு மேலான கொலை, கொழுந்து பறிக்கிற நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு கொலைக்கு நாடு என்ன காரணம் சொல்கிறதோ, அதை வைத்துத்தான் மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் யார் யாரைச் சந்தேகமாகப் பார்ப்பது என்று முடிவாகிறது. நம் லயங்கள் எரிந்த வருடங்களில் அதை நாம் பார்த்திருக்கிறோம்.

நடந்தது என்ன?

1959 செப்டெம்பர் 25, கொழும்பு றோஸ்மீட் பிளேஸ். காலையில் பொதுமக்களைச் சந்திப்பது பிரதமரின் வழக்கம். விறாந்தையில் காத்திருந்தவர்களில் தல்துவே சோமராம தேரரும் ஒருவர். ஆயுர்வேதக் கண் வைத்தியர். பிரதமர் குனிந்து வணங்கினார். பிக்கு காவியுடைக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாள் பிரதமர் இறந்தார்.

விசாரணை சோமராமவுடன் நிற்கவில்லை. களனி ரஜமகா விகாரையின் பிரதம குரு மாபிட்டிகம புத்தரக்கித்த தேரரிடமும், அவருடைய நெருங்கிய கூட்டாளியான வர்த்தகர் எச். பி. ஜயவர்தனவிடமும் அது போய்ச் சேர்ந்தது. பெண் அமைச்சர் ஒருவரும் கைதானார். அவர் நீதவான் நீதிமன்றத்திலேயே விடுவிக்கப்பட்டார். 1961 மே மாதம் ஜூரிமார் தீர்ப்புச் சொன்னபோது புத்தரக்கித்த, ஜயவர்தன, சோமராம ஆகிய மூவரும் குற்றவாளிகள். பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்பட மற்ற இருவர் விடுதலையானார்கள்.

மதம்தான் காரணம் என்போருக்கு

முதலில் ஒரு சின்னக் கேள்வி. கொன்றவர் எந்த மதம்? பௌத்தம். செத்தவர் எந்த மதம்? அதே பௌத்தம். அதுவும் பௌத்தத்துக்கு அரசாங்கத்தில் உரிய இடம் தருவேன் என்று சொல்லி, பிக்குமாரின் தோளில் ஏறி 1956இல் ஆட்சிக்கு வந்தவர். எந்தச் சூத்திரத்தைக் காப்பாற்ற இந்தக் கொலை? புத்தரின் முதல் சீலமே உயிரைக் கொல்லாதே என்பதுதான்.

சமயத்துக்காகவும் இனத்துக்காகவும் செய்தேன் என்று சோமராம முதலில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. வழக்கில் அந்த வாக்குமூலத்தை அவரே மறுத்தார். 1962 ஜூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்படுவதற்கு முன் அவர் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். சமயத்துக்காகக் கொன்றதாகச் சொல்லப்பட்டவர் சாகும்போது அந்தச் சமயத்தில் இல்லை.

குண்டடிபட்டுக் கிடந்த பிரதமர் நாட்டுக்கு விடுத்த செய்தியில் தன்னைச் சுட்டவரைப் பிக்கு என்று சொல்லவில்லை. பிக்குவின் உடை தரித்த ஒரு மூடர் என்ற கருத்திலேயே பேசினார். பழிவாங்க வேண்டாம், இரக்கம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சாகக் கிடந்தவருக்குத் தெரிந்த வித்தியாசம், சுகமாக உட்கார்ந்து பேசுகிற நமக்கும் தெரிய வேண்டும்.

வெறும் கொந்தராத்து என்போருக்கு

வழக்கில் அரச தரப்பு முன்வைத்த நோக்கம் பணம். புத்தரக்கித்தவும் ஜயவர்தனவும் கப்பல் கம்பனி ஒன்றை நடத்தி, அரசாங்கத்துக்கு அரிசி ஏற்றி வரும் கொந்தராத்தை எதிர்பார்த்தார்கள். சீனித் தொழிற்சாலை ஒன்றுக்கும் முயன்றார்கள். எதுவும் கைகூடவில்லை. தாங்கள் ஏற்றிவைத்த பிரதமர் தங்களுக்கே கையை விரித்துவிட்டார் என்ற ஆத்திரம். ஆகவே காரணம் லாபம் என்பதில் உண்மை இருக்கிறது.

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொள்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இது: கொந்தராத்துக் கிடைக்காத முதலாளிமார் இந்த நாட்டில் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோருமா பிரதமரைக் கொல்லத் திட்டம் போட்டார்கள்? ஒரு விகாரையின் தலைமைக் குருவுக்கு, அரசாங்கம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

1956இலிருந்து வந்தது. எக்சத் பிக்கு பெரமுன என்ற பிக்குமார் அமைப்பின் செயலாளர் புத்தரக்கித்த. அந்தத் தேர்தலில் பிக்குமார் ஊர் ஊராகப் போய் பண்டாரநாயக்கவின் கூட்டணிக்கு வாக்குக் கேட்டார்கள். 95 ஆசனங்களில் 51 கிடைத்தன. சிங்களம் மட்டும் சட்டமும் அந்த வருடமே வந்தது. அரசியல்வாதி மதத்திடம் வாக்குக் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்கள் வட்டியோடு கேட்டார்கள். சிலர் கொள்கையாகக் கேட்டார்கள், சிலர் கொந்தராத்தாகக் கேட்டார்கள்.

எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. 1957 ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தன கண்டிக்கு யாத்திரை கிளம்பினார். தலதா மாளிகையில் வேண்டுதல் செய்யத்தான் போகிறோம் என்றார்கள். உண்மையான நோக்கம் பண்டா - செல்வா ஒப்பந்தத்தை உடைப்பது. அந்த யாத்திரை இம்புல்கொடையில் மறிக்கப்பட்டது. மதத்தை ஒரு கட்சி மட்டும் வாடகைக்கு எடுக்கவில்லை.

நமக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு

1957 ஜூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் வடகிழக்கு மக்களின் விஷயம் மட்டும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் நம்மைப் பற்றியும் பேச்சிருந்தது. இந்திய வம்சாவளி மக்களின் பிரஜாவுரிமையையும் பிரஜாவுரிமைச் சட்டத் திருத்தத்தையும் தமிழரசுக் கட்சியினர் வலியுறுத்தினார்கள். அந்தப் பிரச்சினை விரைவில் கவனிக்கப்படும் என்று பிரதமர் தெரிவித்தார். உறுதியான வாக்குறுதி அல்ல, ஒரு வரிதான். 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்த மந்திரிசபையில் இருந்தவரும் இதே பண்டாரநாயக்கதான் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் நாடற்றவராக்கப்பட்டவர்களுக்கு அந்த ஒரு வரியும் பெரிது.

1958 ஏப்ரல் 9ஆம் திகதி அந்த வரியும் போயிற்று. பிக்குமார் கூட்டமாக றோஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் குந்தினார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். காவியுடையோடு வந்து உட்கார்ந்தால் இந்த வீட்டில் காரியம் நடக்கும் என்று அன்று நாடு முழுவதும் கற்றுக்கொண்டது. அதே வீட்டுக்குப் பதினேழு மாதம் கழித்து இன்னொரு காவியுடை வந்தது. யாரும் தடுக்கவில்லை, சோதிக்கவில்லை.

இடையில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பிலிப் குணவர்தனவின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தேடியது. மந்திரிசபையின் வலதுசாரிகள் அவரோடு உட்கார மறுத்தார்கள். 1959 மே மாதம் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. கொலை நடந்த நேரத்தில் அந்த ஆட்சிக்குள் நடந்துகொண்டிருந்தது வர்க்கச் சண்டை. மேலே போர்த்தியிருந்தது மட்டும் சமயம்.

அவசரப் பதில் செய்யும் கேடு

நுவரெலியாத் தோழர்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் இருக்க வேண்டும். டி. ஏ. செனவிரத்ன, நுவரெலியாவின் முன்னாள் மேயர். 1958 மே மாதம் மட்டக்களப்புப் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பொலன்னறுவையில் தமிழர் மீதான தாக்குதல்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. ஆனால் பிரதமர் பண்டாரநாயக்க வானொலியில் பேசும்போது அந்தக் கொலையைக் குறிப்பிட்டு, கலவரத்துக்கு அதுதான் காரணம் என்று கேட்பவர்கள் நினைக்கும்படி செய்தார். அது தனிப்பட்ட பகையால் நடந்த கொலை என்று அக்காலத்தைப் பதிவு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் எத்தனை வீடு எரிந்தது, எத்தனை உயிர் போனது!

அடுத்த வருடம் அவரே சுடப்பட்டார். சுட்டவர் தமிழராகவோ முஸ்லிமாகவோ இருந்திருந்தால் அன்றிரவு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சுட்டவர் பிக்கு என்பதால் நாடு நிதானமாக விசாரித்தது. நோக்கம் என்ன, பணம் எங்கே, பின்னால் யார் என்று கேட்டது. 1963இல் எகிப்திலிருந்தும் கானாவிலிருந்தும் நீதியரசர்களை அழைத்து, நம் நாட்டு நீதியரசர் ஒருவரோடு ஆணைக்குழு அமைத்து, கொலையின் அரசியல் பின்னணியைக்கூட ஆராய்ந்தது. நல்லது. அதே நிதானம் எல்லாக் கொலைக்கும் வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. சொந்த இனத்தான் குற்றம் செய்தால் அவன் ஒரு தனிமனிதன், மற்ற இனத்தான் செய்தால் அவன் இனமே குற்றவாளி என்ற தராசை நாம் ஏற்க முடியாது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னவர்கள் பிடித்ததும் இதே தராசைத்தான்.

காந்தியைக் கொன்றது?

"அப்படியானால் காந்தியைக் கோட்சே கொன்றதற்கு எந்தக் கொந்தராத்து?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அங்கே கப்பலும் இல்லை, சீனி ஆலையும் இல்லை. ஆனால் அங்கேயும் இந்துவைக் கொன்றவன் இந்து. 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக்கு நடந்துபோன கிழவரைத்தான் கொன்றான். நீதிமன்றத்தில் அவன் அடுக்கிய குற்றச்சாட்டுகள் பாகப்பிரிவினை பற்றியவை, பாகிஸ்தானுக்குச் சேர வேண்டிய பணம் பற்றியவை, காந்தியின் உண்ணாவிரதம் பற்றியவை. எல்லாம் ஆட்சியும் அதிகாரமும் சம்பந்தப்பட்டவை. அவனுடைய நம்பிக்கை உண்மையாகவே இருந்திருக்கலாம். அந்த நம்பிக்கையைத் துப்பாக்கியாக மாற்றியது, நாடு ஒரே மதத்தாருக்குச் சொந்தம் என்ற அரசியல்.

தப்பியவர்கள் யார்?

பண்டாரநாயக்கவின் அரசு மரண தண்டனையை நிறுத்திவைத்திருந்தது. கொலைக்குப் பின் அவசரமாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் நடந்து முடிந்த கொலைக்குப் பொருந்தியது, கொலைச் சதிக்குப் பொருந்தவில்லை. மேன்முறையீட்டில் புத்தரக்கித்தவுக்கும் ஜயவர்தனவுக்கும் தூக்கு ஆயுள் சிறையாகக் குறைந்தது. விசையை இழுத்தவர் மட்டும் தூக்கில் தொங்கினார். மரண தண்டனையை நாம் ஆதரிக்கவில்லை. திட்டம் போட்டவனைவிட ஏவப்பட்டவனுக்கே கூடிய தண்டனை என்பது தோட்டத்தில் நாம் தினமும் பார்க்கும் நியாயம்தான்.

மதத்தை வாக்குக்கு அடகு பிடிக்கும் அரசியலோ வழக்குக்கே வரவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எழுதி, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டபோது, அந்த அரசியல் சௌக்கியமாகத்தான் இருந்தது. இன்றும் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

மதமா அரசியலா என்று யாராவது கேட்டால், நம் பதில் இதுதான்: லாபத்துக்காக நடந்த கொலை, அதற்கு வழி திறந்துவிட்டது மதத்தை வாடகைக்கு எடுத்த அரசியல். இனி எந்தக் கொலைச் செய்தி வந்தாலும், கொன்றவன் நெற்றியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் லாபம் யாருக்கு? அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்? பழி யார் தலையில் விழுகிறது, யார் நழுவுகிறார்கள்?

இந்தப் பாடம் சிங்கள அரசியலுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். தேர்தல் வந்தால் கோவிலுக்குக் கூரைத் தகரமும் திருவிழாவுக்கு ஒலிபெருக்கியும் கொண்டுவரும் நம் தலைவர்மார் செய்வதும் அதே கடன் வியாபாரத்தின் சின்னக் கிளைதான். கோவில் கமிட்டி சாமி காரியத்தைப் பார்க்கட்டும். சங்கக் கமிட்டி சம்பளத்தையும் காணியையும் வீட்டையும் பார்க்கட்டும். ஒன்றின் மேடையில் மற்றதற்கு வாக்குக் கேட்க இடம் கொடுக்காதீர்கள். பக்கத்து மலையில் நம்மோடு நிறை போடும் சிங்களத் தொழிலாளியும், ஃபக்டரியில் வேலை செய்யும் முஸ்லிம் தோழரும், மாதா கோவிலுக்குப் போகும் அக்காவும் ஒரே சந்தாப் புத்தகத்தில் இருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் மதம் எழுத இடமில்லை. இனியும் இருக்கக்கூடாது.