ப்ராக்கில் ஏழு இரவு

அயல்நாட்டில் ஒரு பருவம் படிக்கப் போன மாணவன் விடுமுறை வாரத்தை எப்படிக் கழிக்கவேண்டும் என்பதில் நம் கனவான்களுக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. பகலில் மியூஸியம் பார்த்தால் பண்படுகிறான். இரவில் மதுக்கடைக்குப் போனால் கெட்டுப்போகிறான். அசட்டுத்தனமான பாகுபாடு இது. பொய்யும்கூட.

1987ல் பதினொரு நாடுகளும் 3,244 மாணவர்களுமாக எராஸ்மஸ் திட்டம் ஆரம்பித்தது. இன்று ஐரோப்பாவில் இந்த விடுமுறைப் பயணம் ஒரு சடங்கு. வியன்னாவில் படிக்க வந்தவன் ரயிலேறினால் சுமார் நாலு மணி நேரத்தில் ப்ராக். அவனுடைய பகலைப் பாருங்கள். 1410ம் வருஷத்து வானியல் கடிகாரத்தின் கீழே கும்பலோடு நிற்கிறான். மணி அடிக்கிறது, ஜன்னலில் அப்போஸ்தலர்கள் வந்துபோகிறார்கள், கும்பல் கலைகிறது. சார்லஸ் பாலம். பிறகு காஃப்கா. 2014ல் டேவிட் செர்னி செய்துவைத்த உலோகத் தலை தட்டுத் தட்டாகச் சுழல்கிறது. அதன்முன் ஒரு படம். காஃப்கா 1908லிருந்து 1922வரை குப்பை கொட்டிய விபத்து இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கட்டிடம் இப்போது ஹோட்டல். (பகலெல்லாம் பேரேட்டைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு இரவில் எழுத உட்காருகிறவர்கள் யோசிக்கவேண்டிய மோட்சம் இது.) அவனுடைய மூன்று சகோதரிகளையும் நாஜிகள் கொன்றார்கள். பனியனில் அச்சடிக்கிற சமாச்சாரமில்லை என்பதால் இது விட்டுப்போகிறது. எழுதினவனை ஒரு பக்கம் படிக்காமலே அவன் ஊரைப் பார்த்துத் தீர்த்துவிட முடிகிறது. இதற்குத்தான் பண்பாடு என்று பெயர்.

இரவுக்கு வருகிறேன். அந்த ஊரில் மதுக்கடை அற்ப விஷயமில்லை. போஹுமில் ஹ்ராபல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பழைய காகிதத்தை அமுக்கிக் கட்டும் கூலிவேலை பார்த்தவர். மதுக்கடை மேஜையில், நிறுத்தாமல் பேசுகிறவர்களின் எதிரே உட்கார்ந்துதான் தன் வாக்கியத்தைக் கண்டெடுத்தார். முற்றுப்புள்ளிக்கு அவசரப்படாத வாக்கியம். 1994 ஜனவரியில் ஜனாதிபதி ஹாவெல், அமெரிக்காவிலிருந்து வந்த க்ளிண்டனை அழைத்துக்கொண்டு போனது 'தங்கப்புலி' கடையில் ஹ்ராபலைச் சந்திக்கத்தான். அப்பேர்ப்பட்ட இரவு நம் மாணவனுக்குக் கிடைக்கிறதா என்றால், இல்லை. முன்பணம் கட்டி, வழிகாட்டியின் பின்னால் கும்பலாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறான். எந்த மேஜையிலும் ஒரு பேச்சு முளைக்கிற அளவுக்கு உட்காருவதில்லை. கடிகாரத்தின் கீழே நின்ற அதே கும்பல். தலையை எண்ணி ஓட்டிச்செல்கிற அதே வியாபாரம். நான் குறை சொல்வது குடியை அல்ல, இந்த மேய்ச்சலை.

2024ல் ப்ராக் நகரசபை, இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை இந்தக் குடி உலாக்களைத் தடைசெய்தது. தூக்கம் கெட்ட ஜனங்களின் கோபம் நியாயமானது. ஆனால் பகல் ஊர்வலங்களுக்கு இந்தத் தடை இல்லை. கனவான்களுக்குப் பரம திருப்தி.

வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்கோடியில், தேசிய மியூஸியத்துக்கு முன்னால், நடைபாதைக் கற்கள் நடுவே ஒரு வெண்கலச் சிலுவை புடைத்துக்கொண்டு கிடக்கிறது. 1969 ஜனவரி 16ந் தேதி அங்கே சார்லஸ் பல்கலைக்கழகத்து மாணவன் ஒருவன், யான் பலாஹ், தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டான். வயது இருபது. சோவியத் டாங்கிகள் வந்து ஐந்து மாதமாகியிருந்தது. ஜனங்கள் அதற்குப் பழகிக்கொண்டிருந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பகலில் வருகிற கும்பல் சிலுவையைப் படமெடுத்துக்கொண்டு நகர்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு, கும்பலைத் தொலைத்துவிட்டு, அதில் கால் இடறி, குனிந்து தடவிப் பார்த்து, எதிரே வருகிற உள்ளூர்க்காரனிடம் இது என்ன என்று குழறிக் கேட்கிற பையன் ஒருவன் இருந்தால், அந்த வாரத்தில் ப்ராக்கைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.