எண்ணெய் முடிவெடுக்கும் கியர்பாக்ஸ்

1967 முதல் 1972 வரையிலான செவர்லே சி-10 பிக்கப் டிரக்குகளுக்கு அமெரிக்காவில் இன்னும் மவுசு குறையவில்லை. பெயின்ட் அடித்து, சீட் தைத்து, எஞ்சினையும் பிரித்து மாட்டிவிடுகிற ஆர்வலர்கள்கூட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றதும் தயங்கி நிற்பார்கள். திறந்தால் மூட முடியாதோ என்கிற பயம். ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் அறிமுகப்படுத்திய டர்போ ஹைட்ராமேட்டிக் 350 விஷயத்தில் அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை.

மூன்றே கியர், கம்ப்யூட்டர் கிடையாது. வண்டியின் வேகம் கூடக் கூட கவர்னர் ஒரு பக்கம் எண்ணெய் அழுத்தத்தை ஏற்றுகிறது. எஞ்சினின் வேக்குவத்தை வைத்துச் சுமையை அறியும் மாடுலேட்டர் மறுபக்கம் அழுத்துகிறது. எது ஓங்குகிறதோ அதன்படி வால்வு நகர்ந்து கியர் மாறும். அவ்வளவு எளிய, அழகான ஏற்பாடு.

இதில் பல்சக்கரங்கள் லேசில் உடைவதில்லை. முதலில் போவது ரப்பர். பல ஆண்டுச் சூட்டில் பிஸ்டன் சீல்கள் இறுகிப்போக, அழுத்தம் கசிகிறது. கிளட்ச் பிளேட்டுகள் முழுப் பிடிப்பில்லாமல் வழுக்கி, சூடேறி, கருகுகின்றன. டிப்ஸ்டிக்கை உருவினால் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பேறி, தீய்ந்த வாடை அடிக்கும்.

அதனால் இந்த வேலைக்கு உடல் பலத்தைவிடச் சுத்தமும் நிதானமும்தான் முக்கியம். புதிய பிளேட்டுகளை மாட்டுவதற்கு முன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில் ஊறப்போட வேண்டும். சீலின் மெல்லிய உதடு மடங்காமல், மெல்லிய கம்பி வளையத்தால் சுற்றிச் சுற்றித் தள்ளி உள்ளே இறக்க வேண்டும். ஓரிடத்தில் மடங்கினாலும் மொத்த உழைப்பும் வீண். வால்வு பாடியின் வாய்க்கால்களில் உட்காரும் நான்கு சிறு குண்டுகளும் உருண்டுவிடாமல் இருக்கத் துளி வாஸ்லின் போதும், சூடான எண்ணெயில் அது கரைந்துவிடும். ஒவ்வொரு கிளட்சுக்கும் உரிய துளையில் காற்றடித்தால் ‘டப்’ என்று பிஸ்டன் நகரும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மறுபடி பிரிப்பதுதான் வழி.

கடைசி ஆபத்து டார்க் கன்வெர்ட்டர். அதைச் சுழற்றிக்கொண்டே தள்ளி, பம்பின் பல்லில் முழுதாக உட்கார்ந்ததை உறுதிசெய்ய வேண்டும். பாதியில் நிற்கும்போது போல்ட் போட்டு இறுக்கினால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே பம்ப் உடையும். ரேடியேட்டருக்குப் போகும் கூலர் குழாய்களைக் கழுவாமல் விட்டால், பழைய கசடு புதிய பெட்டிக்குள்ளேயே வந்து சேரும்.

இதற்குப் பதிலாக, 1982 மாடலில் வந்த நான்கு கியர் 700-ஆர்4 பெட்டியை மாட்டிக்கொள்வோரும் உண்டு. அதன் ஓவர்டிரைவ் விகிதம் 0.70 என்பதால் ஹைவேயில் எஞ்சின் அமைதியாக ஓடும். ஆனால் அதன் திராட்டில் வால்வு கேபிளைத் துல்லியமாக வைக்காவிட்டால் கிளட்சுகள் சீக்கிரமே கருகும். ஊருக்குள் ஓட்டும் பழைய வண்டிக்கு 350 பெட்டியே போதும்.

பெட்டியை இறக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கியர் தாமதமாக மாறி, சைலன்சரில் வெள்ளைப் புகையும் வந்தால், மாடுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் கிழிந்தது மாடுலேட்டரின் டயாஃப்ரம். ஒரே போல்ட்டைக் கழற்றி வெளியிலிருந்தே அதை மாற்றிவிடலாம்.